கபடியில் ஒரு ‘டி’

ராயப்பன் மாஸ்டரிடம் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட, களத்தைச் சுற்றி ஓடிவிட்டு வா, சொல்கிறேன் என்பார். வயது நாற்பதுகூட இருக்காது. தொழில்முறைக் கபடி லீக்கில் பிடிக்கிற ஆளாக நின்று, முழங்கால் போனதும் அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் உவரி.

அணிக்கு ஆள் எடுக்க அவர் நடத்திய முகாமுக்கு நெடுமாறன் வந்தது ராஜா மாதிரி. கடலூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரி. மூன்று வருடம் அங்கே அவன்தான் ரெய்டர். அவன் பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினால் எதிரணியில் பாதிப் பேர் தானாகப் பின்னால் நகர்ந்துவிடுவார்கள். கல்லூரியில் ஒருவன் இப்படி ராஜா ஆகிவிட்டால் கெட்டான் என்று அர்த்தம். கூட இருக்கிறவர்கள் அவன் பையைத் தூக்கியே அவனைக் கெடுத்துவிடுவார்கள்.

முகாமில் ஒருவரும் பின்னால் நகரவில்லை. வந்த அன்றே பிடித்துப் போட்டார்கள். அதிலும் இடது ஓரத்தில் நிற்கும் தவசி என்கிற மூத்த ஆட்டக்காரர். ஆள் ஒல்லி, வாயைத் திறந்து பேசி யாரும் பார்த்ததில்லை. நெடுமாறன் எப்போது பாய்ந்தாலும் அவருடைய கை அவன் கணுக்காலில் இருந்தது.

இப்படியே கடைசி நாளும் வந்துவிட்டது. அணியில் ஒரே ஒரு ரெய்டருக்குத்தான் இடம் மிச்சம். போட்டி நெடுமாறனுக்கும் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஜெரால்டுக்கும். சாயங்காலம் முடிவு தெரிந்துவிடும். இந்த இடத்தை நம்பித்தான் நெடுமாறன் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த ரயில்வே வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தான். அதிலிருந்து அவனுடைய அப்பா அவனோடு பேசுவதில்லை.

காலையில் மாஸ்டர் முன்னால் போய் நின்றான்.

“மாஸ்டர், என் வேகம் குறையல. காலேஜ்ல ஓடுன அதே ஓட்டந்தான். அப்புறம் எப்படி மாட்டுறேன்?”

“போய்ப் பாடுல,” என்றார்.

ஏழு பேரும் எதிரே நின்றார்கள். மாஸ்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் வெறும் சுவர்.

நெடுமாறன் கபடி கபடி என்று உள்ளே போனான். வலது பக்கம் போக்குக் காட்டினான். இடது பக்கம் திரும்பினான்.

“இப்ப,” என்றார் மாஸ்டர், சுவரிடம்.

அந்த நொடியில்தான் அவன் பாய்ந்தான். தவசி பிடித்தார்.

எழுந்து மறுபடி போனான். இந்தத் தடவை சுற்றிச் சுற்றி வந்து, நேரத்தைக் கடத்தி, யாரும் நினைக்காத இடத்தில் காலை நீட்டப் பார்த்தான்.

“இப்ப.”

மறுபடி பிடி. கீழே கிடந்தபடியே மாஸ்டரின் முதுகைப் பார்த்தான்.

“எப்படி மாஸ்டர் தெரியுது? நீங்க பாக்கவே இல்லையே.”

“பாயுததுக்கு முன்னால நீ ‘டி’ய முழுங்குத. கபடி, கபடி, கபடி, கப். அந்தக் ‘கப்’பு வந்தா பின்னாலயே காலு வரும்.”

“மூணு வருஷமா யாரும் சொல்லலையே.”

“காலேஜ்ல பக்கத்துல நின்னு மேளம் அடிச்சிருப்பானுவ.”

தவசி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

“சரி பண்ணிடுறேன் மாஸ்டர்.”

“பண்ணு.”

சொல்வது சுலபம். மத்தியானம் முழுக்க விடுதிக்குப் பின்னால் தனியாக நின்று பாடிப் பார்த்தான். வாயைக் கவனித்தால் கால் எழவில்லை. காலைக் கவனித்தால் ‘டி’ காணாமல் போனது. சோறு இறங்கவில்லை. ஜெரால்டு வந்து சாப்பிடக் கூப்பிட்டதற்கு வள்ளென்று விழுந்தான். ரயில்வேக்காரர்கள் இன்னொரு தடவை கூப்பிடுவார்களா என்றுகூட யோசித்தான். கூப்பிட மாட்டார்கள் என்று அவனுக்கே தெரியும்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. எதற்குச் சரி பண்ண வேண்டும்? ‘டி’யை வேண்டுமென்றே முழுங்கிவிட்டுப் பாயாமல் நின்றால்?

தனக்குத் தானே சிரித்துக்கொண்டான். அதற்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

சாயங்காலம் எல்லோரும் களத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்கு இரண்டு ரெய்டு என்றார் மாஸ்டர். தொட்டு வந்தால் ஒரு புள்ளி, பிடிபட்டால் ஒரு புள்ளி குறையும். அதிகம் புள்ளி எடுக்கிறவனுக்கு இடம். சமமாக வந்தால் மறுபடியும் பாட வேண்டும். தொடப்பட்டவரும் வெளியேறாமல் அடுத்த ரெய்டுக்கு அப்படியே நிற்பார்.

ஜெரால்டு முதலில் போனான். வலது ஓரத்தில் நின்ற ஒருவரின் தோளைத் தட்டிவிட்டு ஓடி வந்துவிட்டான். ஒரு புள்ளி. இரண்டாவது தடவை ஒன்றும் கிடைக்கவில்லை. பிடிபடாமல் வெறுங்கையோடு திரும்பினான்.

நெடுமாறன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான்.

கபடி, கபடி, கபடி. தவசி குனிந்து நின்றார். அவர் கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நெடுமாறன் அவர் பக்கம் நெருங்கினான். இன்னும் கொஞ்சம். கபடி, கபடி, கப்.

தவசி பாய்ந்தார். பிடிக்க அங்கே கால் இல்லை. நெடுமாறன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, தரையில் விழுந்தவரின் முதுகைத் தொட்டுவிட்டு, அவர் திரும்புவதற்குள் கோட்டைத் தாண்டி வந்துவிட்டான்.

உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். முகாமுக்கு வந்த பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் கைதட்டல். நெடுமாறன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். மாஸ்டருக்கு எதிரே வந்து பல் தெரியச் சிரித்தான். அவனுடைய முதுகுக்குப் பின்னால் தவசி இன்னும் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடி, நெடுமாறன் நடப்பதையும் நிற்பதையும் மூச்சு வாங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

“தண்ணி குடிச்சிட்டுப் போலே,” என்றார் மாஸ்டர்.

“வேணாம் மாஸ்டர். இந்தா வந்துடுறேன்.”

இரண்டு பேரும் சமம். இன்னும் ஒரு தடவை யாரையாவது தொட்டால் போதும், இடம் அவனுக்கு. இன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம். அவர் எடுப்பாரா என்பது வேறு விஷயம்.

கோட்டைத் தாண்டினான். நேராகத் தவசியிடமே போனான். கபடி, கபடி, கபடி, கப்.

தவசி அசையவில்லை.

அவர் விழுவார் என்று நெடுமாறனின் கை ஏற்கெனவே கீழே போயிருந்தது. தொட அங்கே முதுகு இல்லை. கையை எடுப்பதா, காலை எடுப்பதா என்று அவன் தடுமாறினான். தவசி அவசரமே படாமல் குனிந்து கணுக்காலைப் பிடித்தார். மற்ற ஆறு பேரும் மேலே வந்து விழுந்தார்கள். கபடி கபடி என்று கடைசிவரை முனகிக்கொண்டு கோட்டைப் பார்த்துக் கையை நீட்டினான். கோடு எட்டவில்லை. மூச்சு முடிந்துவிட்டது.

“ஜெரால்டு, நாளைக்குக் காலைல வந்துரு,” என்றார் மாஸ்டர்.

எல்லோரும் கலைந்து போனார்கள். நெடுமாறன் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து முழங்கால் உறையைக் கழற்றினான். அழக்கூடாது என்றுதான் இருந்தான். முடியவில்லை. மாஸ்டர் நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த வித்தைய நான் மத்தியானந்தான் கண்டுபிடிச்சேன் மாஸ்டர். ஒருத்தர்கிட்டயும் சொல்லல.”

“ம்.”

“காலேஜா இருந்தா அத வச்சே வருஷம் பூரா ஆடியிருப்பேன். ஒரே ரெய்டுல போச்சு. எனக்கும் அவருக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?”

“நீ தொட்டுட்டு வந்தல்லா, அப்ப யாரப் பாத்த?”

“உங்களத்தான்.”

“தவசி யாரப் பாத்தான்?”

நெடுமாறன் யோசித்தான். கைதட்டல் ஞாபகம் வந்தது. மாஸ்டரின் முகம் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

“தெரியல மாஸ்டர்.”

“அதாம்ல,” என்றார் மாஸ்டர்.