நண்டுப் பாடத்தில் முதல் மாணவர்

சிப்பிக்குப்பத்து மாலைப் பள்ளியில் பாடம் சொல்லித் தந்தவள் தவமணி. பள்ளியை நடத்திய அறக்கட்டளை கொடுத்த டேப்லெட்டில் பிள்ளைகள் பாட வீடியோ பார்ப்பார்கள். புரிந்ததும் நிறுத்திவிட்டு, பார்த்ததைத் தேடிக் கடற்கரைக்கு ஓடிவிடுவார்கள். அறக்கட்டளையின் சென்னை அலுவலகமோ வீடியோ ஓடிய நேரத்தை இன்டர்நெட் வழியே எண்ணியது. அந்தக் கணக்கில் எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் இதுதான் கடைசி.

பள்ளியை மூடுவதற்காக இயக்குநர் கருணாமூர்த்தி காரில் வந்து இறங்கினார்.

"பிள்ளைங்க நல்லாப் படிக்குதுங்க சார்" என்றாள் தவமணி.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. அதிக நேரம் ஓடினாத்தான் அதிகம் படிச்சதா அர்த்தம்."

"அப்போ எப்படிப் பாக்கணும்னு நீங்களே காட்டுங்க சார்."

அவர் தம் பெயரில் நண்டுப் பாடத்தை ஓடவிட்டார். அதற்குள் சாப்பாடு வந்தது, நண்டுக் குழம்போடு. பாடம் திரும்பத் திரும்ப ஓடியது; அவர் நண்டின் காலைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

கை கழுவி வந்தவரிடம் தவமணி திரையை நீட்டினாள். "சார், இன்னிக்கு எல்லா ஊருக்கும் நீங்கதான் முதல் மாணவர்!"

அவருக்கு வாயெல்லாம் பல்.

"நண்டு ஏன் சார் தன் ஓட்டைக் கழட்டுது?" என்று பாடத்திலிருந்தே கேட்டாள் தவமணி.

இயக்குநர் மீசையைத் தடவினார். "அது... வெயிலுக்கு."

பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். "வளந்துடுச்சு சார், பழைய ஓடு பத்தல!" என்றாள் ஒரு சிறுமி.

"கம்ப்யூட்டர் சொன்னது சரின்னா பள்ளியை மூடுங்க சார்" என்றாள் தவமணி. "ஆனா முதல் மாணவர் சொன்ன பதிலையும் சேத்து எழுதுங்க."

அவர் எழுத எடுத்த பேனாவை மூடிப் பையில் வைத்தார். பள்ளியை மூடவில்லை.

அதன்பின் எந்த ஊருக்குப் போனாலும் அவர் பிள்ளைகளிடம்தான் முதலில் கேள்வி கேட்பார். சிப்பிக்குப்பத்தில் மட்டும் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள்: "வெயிலா இருக்கே சார், நண்டெல்லாம் ஓட்டைக் கழட்டியிருக்குமா?"