ஒன்பது ஒன்றுகள்

கோரை காய்கிறது, மதகைத் திறக்க வேண்டும் என்று மருதங்காட்டு ஜமீன்தாரிடம் வந்து நின்றாள் பாய் முடையும் வேலாச்சி. அருகிலிருந்த ஆஸ்தானப் பண்டிதர் சேஷகிரி சுவரில் 111111111 என்று எழுதினார்.

"இது எதிலும் அடங்காத எண். மீதியில்லாமல் வகுத்துக் காட்டு, மதகு திறக்கும். ஒன்றாலும் அதே எண்ணாலும் வகுத்து மழுப்பக்கூடாது. எழுதப் படிக்கவாவது தெரியுமா?"

"ஒண்ணு மட்டும் போடத் தெரியும் சாமி. நல்லவேளை, நீங்களும் அதைத்தான் போட்டிருக்கீங்க."

ஜமீன்தார் சிரித்துவிட்டார். வேலாச்சி கரித்துண்டை எடுத்து, மூன்று இலக்கத்துக்கு ஒரு கோடு கிழித்தாள். மூன்று இடத்திலும் நூற்றுப்பதினொன்று நின்றது.

"நூத்திப்பதினொண்ணால வகுங்க சாமி."

பண்டிதர் வியர்க்க வியர்க்க வகுத்தார். மீதி பூஜ்யம்.

"பத்து ஒன்று எழுதியிருக்க வேண்டும்" என்று முணுமுணுத்தார்.

"எழுதுங்க சாமி. அதை ரெண்டு ரெண்டாப் பிரிச்சுக்கலாம்."

அதற்குள் ஜமீன்தார் மதகுச் சாவியை அவளிடம் நீட்டியிருந்தார்.