தன்னையே கொத்திக்கொண்ட காக்கை

ஏரிக்கரை வேப்பமரத்தில் ஒரு காக்கை நான்கு முட்டை இட்டிருந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து அடைகாக்கவில்லை! பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டிருந்தது.

காரணம் இருந்தது. போன வருஷம் தன் குஞ்சு என்று நினைத்து அது ஊட்டி வளர்த்தது ஒரு குயில் குஞ்சை! சிறகு முளைத்ததும் அது கூவிக்கொண்டே பறந்துபோனது. மைனாக்கள் விழுந்து விழுந்து சிரித்தன. மைனாக்களுக்கு வேறென்ன வேலை! மறுநாளே அவை மறந்துவிட்டன. காக்கைதான் மறக்கவில்லை.

"மடச்சி! சொந்தக் குஞ்சைத் தெரியாத நீயெல்லாம் ஒரு தாயா? இந்த நான்கில் எது குயில் முட்டையோ!"

காலையிலிருந்து இதே புலம்பல். அதற்குள் வானம் மூடிக்கொண்டு சில்லென்று காற்று வீசியது. முட்டைகள் ஆறத் தொடங்கின.

கீழே பொந்தில் குடியிருந்த அணில் பதறி ஓடிவந்தது. "அக்கா! முட்டை குளிர்ந்தால் உள்ளே இருக்கிற உயிர் போய்விடும்! போய் உட்காரு!"

"எனக்கு அந்தத் தகுதி இல்லை, போ!"

அணிலுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. "சித்திரையில் என் குட்டி ஒன்று பொந்திலிருந்து விழுந்து செத்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் கண்ணயர்ந்ததால்தான் விழுந்தது. நானெல்லாம் தாயா என்று சுருண்டு கிடந்தேன். அப்போது நீ என்ன சொன்னாய்?"

காக்கை யோசித்தது. "மூன்று நாள் தூங்காதவள் கண்ணயர்ந்தால் அது பாவமா? எழுந்திரு, மற்ற இரண்டும் பசியோடு கிடக்கின்றன என்றேன்."

"உன்னை யாராவது திட்டினால் கொத்திவிடுவேன் என்றும் சொன்னாய்! நானே திட்டினாலுமா என்றேன். நீ திட்டினாலும்தான் என்றாய்! அதைக் கேட்டுத்தான் எழுந்தேன். என் குட்டிகள் இரண்டும் இன்று ஓடித் திரிவது உன்னால். எனக்குச் சொன்னதை உனக்கும் சொல்லிக்கொள், அக்கா!"

காக்கை கூட்டைத் திரும்பிப் பார்த்தது. மெதுவாகத் தனக்கே சொல்லிக்கொண்டது.

"பசி என்று வாய் திறந்த குஞ்சுக்கு ஊட்டினாய். அது பாவமா? எழுந்திரு, நான்கும் குளிரில் கிடக்கின்றன."

சொல்லிவிட்டுக் கூட்டுக்குத் தாவியது. சிறகை விரித்து உட்கார்ந்தது.

சில நாளில் நான்கும் பொரிந்தன. காக்கை அணிலைக் கூப்பிட்டு, "எல்லாம் என் குஞ்சுகள்தானா என்று எனக்கு இன்னும் தெரியாது! ஆனால் நான்கும் உயிரோடு இருப்பது உன்னால்தான். நன்றியம்மா!" என்றது.

தவறு செய்த தோழியிடம் காட்டும் இரக்கத்தைத் தன்னிடமும் காட்டத் தெரிந்தவரே, தன்னை நம்பியிருக்கும் உயிர்களைக் காப்பாற்றுவார்.