சாம்பி அழவில்லை

குன்றடி ஏரிக்கரையில் ஒரு வெள்ளாட்டு மந்தை மேய்ந்துவந்தது. அதை வளர்த்தவள் பொம்மக்கா. ஒரு நாள் அவள் சந்தையிலிருந்து சாம்பல் நிறப் பெட்டையாடு ஒன்றை வாங்கிவந்து மந்தையோடு விட்டாள்.

அந்தப் புது ஆட்டுக்குச் சாம்பி என்று பெயர். வந்ததிலிருந்தே அதன் கண்களில் நீர் வழிந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நின்றது. பழகிய பட்டியைப் பிரிந்த ஏக்கத்தில் அழுகிறது என்று எல்லா ஆடுகளும் நினைத்தன. புள்ளி என்ற ஆடு இளகிய மனசு கொண்டது. அது சாம்பியை உரசி நின்று தேற்றியது. புள்ளியின் குட்டியோ சாம்பியின் கன்னத்தை நக்கிக்கொடுத்தது.

கருவேலம் புதரிலிருந்து ஒரு நரி இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் குன்றுக்கு அந்தப் பக்கத்துப் பட்டிக்கும் இப்படிக் கண்ணில் நீர் வழிய ஒரு ஆடு வந்திருந்தது. அதன்பிறகு நரி வெகுநாள் வேட்டைக்கே போகவில்லை. செத்துச் செத்து வெளியே விழுந்த ஆடுகளே அதற்குப் போதுமானதாக இருந்தன.

நரி கரைமேல் ஏறி நின்று இனிமையாகப் பேசியது. "எவ்வளவு நல்ல மந்தை! வந்த பிள்ளையை நடுவில் படுக்க வையுங்கள். ஒரே தொட்டியில் தண்ணீர் கொடுங்கள். அப்போதுதான் ஏக்கம் தீரும்."

ஆடுகளுக்குப் பெருமையாக இருந்தது. சுட்டி என்ற ஆட்டுக்கு மட்டும் அது உறுத்தியது. ஆட்டின் ஏக்கத்தைப் பற்றி நரிக்கு என்ன கவலை? சுட்டி சாம்பியை உற்றுப் பார்த்தது. அழுகிற கண்ணில் வெறும் நீர்தான் வரும். சாம்பியின் இமையோரம் மஞ்சளாகப் பீளை கட்டியிருந்தது. மூக்கில் சளி கெட்டியாக அடைத்திருந்தது. பின்னங்கால்களில் கழிச்சல் ஒட்டியிருந்தது. வந்ததிலிருந்து அது ஒரு முறைகூட அசைபோடவில்லை.

இது அழுகை இல்லை, நோய் என்று சுட்டி மற்ற ஆடுகளிடம் சொன்னது. யாரும் கேட்கவில்லை. புள்ளிக்குக் கோபமே வந்துவிட்டது.

"நம்மை நம்பி வந்தவளை விரட்டச் சொல்கிறாயா, அக்கா? நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் நாங்களும் இப்படித்தான் பேச வேண்டுமா?"

சுட்டிக்கு முகம் விழுந்துவிட்டது. விலகிப்போனது. ஆனால் சாம்பி வாய்வைத்த தொட்டியிலேயே புள்ளியின் குட்டி முகத்தை நுழைத்துக் குடிப்பதைக் கண்டதும் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. நேரே போய் சாம்பிக்குச் சற்றுத் தள்ளி நின்றது.

"சாம்பி, உனக்கு உடம்புக்கு என்ன? உண்மையைச் சொல்."

சாம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு மெல்லச் சொன்னது. "சொன்னால் துரத்திவிடுவீர்கள்."

"துரத்த மாட்டோம். தள்ளி இருக்கச் சொல்வோம். இரண்டும் ஒன்றில்லை."

சாம்பி வாயைத் திறந்து காட்டியது. ஈறிலும் நாக்கிலும் புண்ணாக இருந்தது. சந்தையில் தன் பக்கத்தில் கட்டியிருந்த ஆடு ஓயாமல் இருமிக்கொண்டிருந்ததாகவும், அதற்குப் பிறகுதான் தனக்குக் காய்ச்சல் அடித்ததாகவும் சொன்னது. சொல்லி முடித்ததும் அது யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தள்ளாடிக்கொண்டே தூரத்துப் புங்கமரத்தடிக்கு நடந்தது. புள்ளியின் குட்டி துள்ளிக்கொண்டு பின்னால் ஓடியது. சாம்பி திரும்பி, கொம்பைத் தாழ்த்தி அதை மிரட்டித் துரத்தியது. குட்டி பயந்து தாயிடம் ஓடிவந்தது. நோய் ஒட்டாமலிருக்கத்தான் சாம்பி குட்டியைத் துரத்தியது என்று புள்ளிக்கு அப்போதுதான் புரிந்தது.

புது ஆடு தனியே போய் நிற்பதைப் பார்த்துப் பொம்மக்கா வந்தாள். காதைத் தொட்டாள். கொதித்தது. உடனே கால்நடை மருத்துவரை அழைத்துவந்தாள். இது ஆட்டுக்கொல்லி நோய் என்றார் அவர். மூச்சுக்காற்றிலும் சளியிலும் சாணத்திலும் பரவும், இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, மற்றத் தொல்லைகளுக்கு ஊசி போட்டுத் தண்ணீரும் கஞ்சியும் கொடுத்துத் தாங்க வேண்டியதுதான் என்றார். நோய் காணாத ஆடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார். பொம்மக்கா தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். பட்டியிலிருந்த குப்பையை எரித்தாள். புங்கமரத்தடியில் தனியாக வேலி அடைத்தாள்.

சில நாளில் குட்டிக்கும் மூக்கு ஒழுகியது. புள்ளி அதை ஒரு கணமும் மறைக்கவில்லை. கத்திப் பொம்மக்காவைக் கூப்பிட்டது. தாயும் பிள்ளையும் அந்த வேலிக்குள் போனார்கள்.

மற்ற ஆடுகள் அவர்களை மறக்கவில்லை. நாள்தோறும் வேலி தெரியும் தூரத்தில் நின்று சுட்டி குரல் கொடுக்கும். இன்றைக்கு எங்கே மேய்ந்தோம், யார் யாரோடு முட்டிக்கொண்டார்கள் என்று சொல்லும். உள்ளேயிருந்து பதில் வரும்வரை நகராது.

நரி விடவில்லை. ஒரு நாள் வேலியோரம் வந்து, "உங்களை ஒதுக்கிவிட்டார்களே, வேலியை முட்டிக்கொண்டு மந்தைக்குள் போங்கள்" என்று தூண்டியது.

"நாங்கள் போனால் உனக்குத்தானே விருந்து?" என்றது சாம்பி.

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த மந்தையில் அதற்கு ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை. குட்டி முதலில் தேறியது. சாம்பி எலும்பும் தோலுமாகிப் போயிருந்தாலும், மெல்ல மெல்ல அசைபோடத் தொடங்கியது. மருத்துவர் சொன்ன நாள் கழிந்து வேலியைத் திறந்தபோது, முதலில் ஓடிப்போய் சாம்பியை உரசி நின்றது சுட்டிதான்.

நோயை மறைக்காமல் சொல்வதும், நோயாளியைக் கைவிடாமல் தள்ளி வைத்துப் பார்த்துக்கொள்வதுமே கூட்டத்தைக் காக்கும் உண்மையான அன்பு.