திராட்சை சாம்பல் பூசிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் செடி கொடிகளுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்ததே தவிர, நம்மைப் போல் ஓயாமல் பேசவில்லை, தேவைக்குத்தான் பேசின. அப்போது முல்லையாறு ஓடுகிற பள்ளத்தாக்கில், மேற்கு மலை அடிவாரத்தில், ஒரு திராட்சைக்கொடி இருந்தது. அந்த வட்டாரத்துக்கே அது ஒன்றுதான் திராட்சை. முள்ளுப்புதரின் மேல் ஏறி, தன் இஷ்டத்துக்குப் படர்ந்து கிடந்தது. அதன் நிழலை ஒட்டி ஒரு கூரை வீடு. அதில் மொக்கையனும் அவன் மனைவி சிலம்பாயியும் பிறந்து நாலு மாதமான ஒரு பெண் குழந்தையோடு இருந்தார்கள்.

ஒரு பங்குனி மத்தியானம் அந்தக் கூரை தீப்பிடித்து எரிந்தது. குழந்தையையும் ஒரு பானையையும் மட்டும் தூக்கிக்கொண்டு சிலம்பாயி வெளியே ஓடி வந்தாள். பங்குனி வெயில் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் தெரியும். பெரியவர்களுக்கே தாங்காது, பச்சைக் குழந்தைக்கு எப்படித் தாங்கும்? அன்று சாயங்காலத்துக்குள் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

அப்போது கொடி பேசியது. எனக்கடியில் வந்து தொட்டிலைக் கட்டு என்றது. கட்டினாள். கொடி இலைமேல் இலை விட்டு அந்த இடத்தை மூடியது. கோடை முழுவதும் தொட்டில் மேல் ஒரு காசளவு வெயில்கூட விழவில்லை. குழந்தை பிழைத்தது. ஆனியில் புதுக்கூரை வேய்ந்து வீட்டுக்குள் போகும்போது சிலம்பாயி கொடியின் அடித்தண்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எம்புள்ளைக்கு நெழல் குடுத்த தாயி நீ. நான் உசிரோட இருக்குற வரைக்கும் ஒம்மேல இரும்பு படாது" என்று சத்தியம் செய்தாள். மொக்கையன் அதிகம் பேசாதவன். அவன் பங்குக்கு மலையடிவாரத்திலிருந்து கல்லுக்கால்கள் கொண்டுவந்து நட்டு, மூங்கில் கட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு பந்தல் போட்டுக் கொடியைத் தூக்கி அதன்மேல் விட்டான்.

இருவரும் நன்றியுள்ளவர்கள். அதில்தான் வந்தது வினை.

இரும்பு படாத கொடி கேட்பானேன், வளர்ந்தது. ஆடியில் மலைக்கணவாய் வழியாகச் சாரல் வந்தால் அதையும் வாங்கிக்கொள்ளும். ஐப்பசி அடைமழையைக் குடிக்கும். மார்கழிப் பனியில் குளிக்கும். பங்குனி வெயிலுக்கும் கையை நீட்டும். வந்த எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வைத்திருந்த எதையும் விட்டதும் இல்லை. காய்க்கவும் செய்தது. மழையில் பூத்தால் பாதிப் பூ கரைந்துபோகும். மீதிப் பூ காயாகி, தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பி, பழுப்பதற்குள் வெடித்து அழுகும். ஒரு பச்சைக்கிளி மட்டும் நாள் தவறாமல் வந்து ஒரு காயைக் கொத்திப் பார்த்துத் துப்பிவிட்டுப் போகும். பச்சைத் தண்ணி குடிக்க ஆத்துக்குப் போனால் போதுமே, இம்புட்டு தூரம் பறந்து வரணுமா என்று போகும்போது ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போகும். சொன்னது யார்? இலவங்காய் பழுக்கும் என்று காத்திருந்த குலத்தில் பிறந்த கிளி. அதுவே கேலி பேசும்படி ஆகிவிட்டது கொடியின் பிழைப்பு.

நாலு வருஷத்தில் பந்தல் இரண்டு வயல் அகலத்துக்குப் போய்விட்டது. அத்தனை இலைக்கும் தண்ணீர் வேண்டுமே. வாய்க்கால் தண்ணீரில் பாதியை அதுவே உறிஞ்சியது. கீழ்வயல்களில் சோளப்பயிர் கதிர் வாங்காமல் காய்ந்தது. ஊருக்கு மடை திறந்து தண்ணீர் பங்கிடுகிற வீரணன் நல்ல மனுஷர். மூன்று வருஷம் பொறுத்தார். நாலாம் வருஷம் கார்த்திகையில் ஊர் கூடிப் பேசி, முடிவைச் சொல்ல அவரையே அனுப்பினார்கள்.

வீரணன் பந்தலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். "மதினி, ஒங்க புள்ளையக் காப்பாத்துன கொடி, நான் இல்லைங்கல. எங்க புள்ளைகளும் சோறு திங்கணும்ல. சித்திரைத் திருவிழாவுக்குள்ள வாயில வைக்கிற மாதிரி ஒரு பழம் குடுத்துச்சுன்னா தண்ணிப் பங்கு உண்டு. இல்லன்னா திருவிழா அன்னைக்கு நானே மம்பட்டியோட வந்து வேரோட தோண்டுவேன். கோவிச்சுக்கிராதீங்க."

சிலம்பாயிக்கு அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? அன்றிலிருந்து ஆற்றுக்கு நடந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கொடிக்கு ஊற்றினாள். கேட்பதைக் கொடுத்தால் காய்க்கும் என்று நினைத்தாள். கொடியும் கொடுத்ததைக் குடித்தது. இலைதான் கூடியது.

மார்கழி வந்தது. பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு முள்ளிலவ மரம் உண்டு. வாடைக்காற்று அடித்ததும் அது ஒரு இலை விடாமல் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. நாலு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்துப் பரிதாபப்பட்ட கொடி, இந்த வருஷம் கேட்டேவிட்டது. பனி கொட்டுகிற நேரத்தில் இப்படிக் கட்டத் துணியில்லாமல் நிற்கிறாயே, வெட்கமாக இல்லையா என்றது.

இலவ மரம் கொஞ்சம் வாய்த்துடுக்கு. "வெக்கம் எதுக்குடி? மாசி வெயிலு வரப்போகுது. அது குடுக்குறத வாங்க எடம் ஒழிச்சு வச்சிருக்கேன். ரெண்டு கையிலயும் பழசப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவளுக்கு எவன் என்னத்தக் குடுப்பான்?" என்றது.

கொடி அன்று முழுவதும் யோசித்தது. போன மாசியில் அந்த மொட்டை மரம் உச்சி முதல் அடிவரை சிவப்பாகப் பூத்து நின்றது நினைவுக்கு வந்தது. தானும் உதிர்த்துப் பார்க்கலாம் என்று முயன்றது. ஒரு இலையை விடக்கூட மனசு வரவில்லை. பாவம், அதன் குணம் அப்படி. பற்றிக்கொண்டுதானே கொடி பிழைக்கிறது. விடு என்றால் எப்படி விடும்?

மறுநாள் விடியும்போது குடத்தோடு வந்த சிலம்பாயியிடம், அரிவாளை எடுத்துக்கொண்டு வா என்றது. எங்கேயாவது மூங்கில் அவிழ்ந்துவிட்டதா, கட்ட வேண்டுமா என்று கேட்டாள் அவள்.

"என்னையத்தான் வெட்டணும் தாயி. பரந்து கெடக்குற கிளைய எல்லாம் கழிச்சிரு. கிளைக்குக் கணு ரெண்டு மட்டும் விட்டாப் போதும்."

சிலம்பாயியின் கையிலிருந்த குடம் நழுவியது. மாட்டேன் என்றாள். என் பிள்ளையின் தொட்டில் தொங்கிய கிளையை என் கையால் வெட்டுவேனா, செய்த சத்தியம் என்னாவது என்று அழுதாள்.

"நீ ஒன் சத்தியத்தக் காப்பாத்துறவ. என்னைய யாரு காப்பாத்துறது?" என்று கொடி கேட்டது. "சித்திரையில மம்பட்டி வரப்போகுது. அது வேரைக் கேக்கும். ஒன் அருவா கிளையத்தான கேக்குது? நானா விட முடியல தாயி. நீதான் விட வைக்கணும். ஒம் புள்ளைக்கு நான் செஞ்சதுக்கு ஏதாச்சும் செய்யணும்னு நெனச்சியின்னா, இதைச் செய்யி."

சிலம்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் போனாள். அரிவாளை எடுத்து, கல்லில் தீட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தாள். பனி மூடிய அந்தக் காலையில் கொடியை வெட்டினாள். ஒவ்வொரு கிளைக்கும் முன்னால் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டாள். பொழுது உச்சிக்கு வரும்போது, இரண்டு வயல் அகலத்துக்குப் படர்ந்திருந்த கொடி நாலைந்து குச்சிகளாக நின்றது. நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தரையில் வெயில் விழுந்தது.

வெட்டின இடத்திலிருந்தெல்லாம் தண்ணீர் சொட்டியது. அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சிலம்பாயி அதைப் பார்த்ததும் பதறிப்போனாள். அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அடுப்படிக்கு ஓடிச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து, பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்தால் பூசுவதுபோல ஒவ்வொரு வெட்டுவாயிலும் பூசினாள். வலிக்கிறதா என்று கேட்டாள். வலியில்லை தாயி, நாலு வருஷத்துச் சுமை எறங்குது, அழுகையா வருது என்றது கொடி.

வயலிலிருந்து வந்த மொக்கையன் பந்தலடியில் நின்று பார்த்தான். சாம்பல் தீர்ந்துபோய் அவள் நின்றபோது, அவனே அடுப்பைக் கிளறி இன்னொரு கை கொண்டுவந்து கொடுத்தான். வாய்க்கால் பக்கம் போன வீரணன் மட்டும், இனி எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் நாள் குச்சியில் மொட்டு உடைந்தது. துளிர் வரும்போதே இடுக்கில் குட்டிக் குட்டியாகப் பூங்கொத்தும் சேர்ந்து வந்தது. மாசியில் மழையில்லை, ஒரு பூ கரையவில்லை. பங்குனி வெயில் கொடுத்ததையெல்லாம் இலைக்குக் கொடுக்காமல் காய்க்கு அனுப்பியது கொடி. இலை கொஞ்சம்தான் இருந்ததால் தண்ணீரும் கொஞ்சம்தான் வேண்டியிருந்தது. பங்குனிக் கடைசியில் குலைகள் பந்தலுக்கடியில் கறுத்துத் தொங்கின. கிளி வந்து கொத்திப் பார்த்தது. முதல் தடவையாகத் துப்பவில்லை. கேலி பேசவும் மறந்துபோய் பந்தல் மூங்கிலிலேயே உட்கார்ந்துவிட்டது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. அப்போதுதான் மேற்கே இடி கேட்டது. கோடைமழை மலையை விட்டு இறங்கி வந்தது. எந்தக் காலத்தில் வந்தாலும் கையை நீட்டி வாங்கிக்கொள்கிற ஆள் கொடிதான்; அந்த உறவில் ஆசையாக வந்தது. பழுத்த பழத்தில் மழை இறங்கினால் ஒன்று தேறாது, அத்தனையும் வெடித்துவிடும். சிலம்பாயி புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்தாள். ஒரு புடவை எத்தனை குலையை மறைக்கும்?

இத்தனை நாள் எதையும் வேண்டாம் என்று சொல்லாத கொடி அன்று சொன்னது. "ஒன் தண்ணியக் குடிச்சு வளந்தவதான் நான். அந்த நன்றி வேரு வரைக்கும் இருக்கு. இன்னைக்கு மட்டும் வேணாம். அறுப்பு முடிஞ்சு கூப்புடுறேன், வந்து ஆசை தீரப் பெய்யி."

மழைக்கு முகம் சுருங்கியது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தலையைக் காட்டாமல் போனால் மரியாதை இல்லை என்று, நாலு தூறல் போட்டுவிட்டுத் திரும்பியது. அந்த நாலு தூறல் பட்டாலே கெட்டுப்போகுமே என்று சிலம்பாயி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால், துளிகள் பழத்தில் ஒட்டாமல் உருண்டு உருண்டு கீழே விழுந்துகொண்டிருந்தன. ஒரு பழம்கூட வெடிக்கவில்லை. அப்போதுதான் கவனித்தாள். ஒவ்வொரு பழத்தின் மேலும் மெல்லிசாக வெள்ளைப்பொடி படிந்திருந்தது.

திருவிழா அன்று காலையில், சொன்னபடி மண்வெட்டியோடு வீரணன் வந்தார். சிலம்பாயி இருப்பதிலேயே பெரிய குலையை அறுத்தாள். ஊர்ப்பெரிய மனுஷருக்குக் கொடுக்கிறோம், தூசியோடு கொடுக்கலாமா என்று புடவைத் தலைப்பால் பழத்தைத் துடைக்கப் போனாள். இப்படித் துடைத்துக் கொடுப்பதுதான் அவள் அறிந்த மரியாதை.

"தொடைக்காத தாயி," என்றது கொடி. "அது தூசி இல்ல. மார்கழியில நீ எனக்குப் பூசிவிட்ட சாம்பலு. வெட்டுன கையே மருந்தும் போட்டுச்சுன்னு எம் புள்ளைக அத்தனைக்கும் பூசி விட்டிருக்கேன்."

சிலம்பாயி கையை எடுத்துவிட்டாள். பழத்தைத் தொடாமல், காம்பை மட்டும் பிடித்துக் குலையை வீரணன் முன்னால் நீட்டினாள். அவரும் காம்பைப் பிடித்தே வாங்கினார். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார். இன்னொன்று போட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வாய்க்காலுக்குப் போனார். கொடியின் பக்கத்து மடையை அந்த மண்வெட்டியாலேயே வெட்டித் திறந்துவிட்டார்.

அந்த வருஷம் அறுப்புக்கு ஊரே வந்தது. கொடியிலிருந்து புதிதாக வெட்டிய குச்சிகளை ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுபோய் நட்டார்கள். கடைசிக் குலையை அறுக்காமல் கிளிக்கு விட்டார்கள். நாலு வருஷம் காத்திருந்ததற்கு அதற்கும் கூலி வேண்டாமா? அறுப்பு முடிந்த அன்று சாயங்காலம் மழை வந்து ஆசை தீரப் பெய்தது.

பிறகு செடி கொடிகளுக்கு வாய் போய்விட்டது. திராட்சைக்குச் சொல்ல வேண்டியது பாக்கியில்லை, மற்றதுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. இன்றைக்கும் கிளை கழித்துக் கவாத்து வெட்டினால் கொடி கண்ணீர் விடுகிறது. அழுகிறதே என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் கலங்குவார்கள், தோட்டக்காரர்கள் கலங்குவதில்லை. அன்று முதல்தான் திராட்சைப் பழம் உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு பழுக்கிறது. அறுக்கிறவர்கள் எவ்வளவு அவசரமானாலும் பழத்தில் விரல் படாமல் காம்பைப் பிடித்தே அறுக்கிறார்கள், அது ஒரு தாயி இன்னொரு தாயிக்குப் பூசிவிட்ட சாம்பல் என்பதால்.