செல்லத்தாயின் கையில் எழுந்த தடிப்பு

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொக்கிப்புழுவுக்கு எதிரான புதிய தடுப்பூசியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். ஊசி போடுவதற்கு முன், அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முன்னங்கையில் பார்ப்பார்கள். மருந்தில் ஒரு சொட்டு, ஒப்பிட்டுப் பார்க்க உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு. இரண்டின் மேலும் லேசாக ஒரு குத்து. பிறகு காத்திருப்பார்கள்.

கொழுந்து பறிக்கும் செல்லத்தாய் தானாகவே வந்து பெயர் கொடுத்தவள். வெறுங்கால் வழியே உடம்புக்குள் ஏறும் அந்தப் புழு ரத்தத்தை உறிஞ்சித்தான் அவள் அக்கா வெளுத்துப்போய், பிரசவத்தில் இறந்தாள். அக்காவின் பிள்ளையை இவள் வளர்க்கிறாள். இவளுக்கும் புழு இருந்தது. மாத்திரையில் போய்விட்டது.

மருந்து பட்ட இடம் சிவந்து தடித்தது. உப்புத் தண்ணீர் பட்ட இடம் சும்மா இருந்தது.

"உங்களுக்கு ஊசி போட முடியாதும்மா" என்றார் மருத்துவர் தேவசகாயம். "போட்டா மூச்சு அடைச்சிடலாம்."

"புழுதான் போயிருச்சே சார். இப்ப என் உடம்பு யாரோட சண்டை போடுது?"

அவர் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தார். எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். அங்கே டாக்டர் ஹமீதா இருந்தார். அவரிடம்தான் தேவசகாயம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார்.

"மேடம், புழு வந்துபோன ஒரு அம்மாவுக்கு மருந்து பட்ட இடம் தடிச்சிருக்கு. குப்பி மாறியிருக்குமோ?"

"கையை நீட்டுங்க."

ஹமீதா அதே குப்பியிலிருந்து சொட்டுவிட்டுக் குத்தினார். இருவரும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடிப்பு எழவில்லை.

"குப்பியில தப்பில்ல. இருந்தா உங்களுக்கும் தடிச்சிருக்கும்" என்றார் ஹமீதா. "புழு வந்துபோன உடம்புக்கு அது யாருன்னு ஞாபகம் இருக்கு. உங்க உடம்புக்கு அதைத் தெரியாது."

"அப்போ எனக்கு ஊசி ஒத்துக்கும்."

"ஒத்துக்கும்."

"நான் ஷூ போட்டு நடக்கறவன் மேடம். எனக்கு எதுக்கு? வெறுங்காலோட நடக்கறவங்களுக்குத்தான் வேணும். அவங்களுக்கு ஆகாதுன்னா, இதை யாருக்காகச் செய்யறோம்?"

ஹமீதா பஞ்சை எடுத்து அவர் கையைத் துடைத்தார்.

"நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

தேவசகாயம் கதவுப் பக்கம் திரும்பினார். கதவுக்கு அப்பால் செல்லத்தாய் கையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"அப்போ இது யாருக்குன்னு அந்தம்மா கேட்டா நான் என்ன சொல்றது மேடம்?"

"தெரியலைன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, இப்ப மாதிரி எழுந்து வந்துடாதீங்க."