தண்ணீர் சொன்ன ஒரே பொய்

முன்னொரு காலத்தில், பூனைகள் எல்லாம் தாங்கள் சைவம் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில், தாமரைவளம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு ஏரிக்கரையில் முத்திருளாயி என்றொரு மீன்காரி இருந்தாள். கரையில் நின்றபடி ஈட்டி எறிந்து மீன் பிடிப்பதில் அவளுக்கு இணை கிடையாது. பிடித்த மீனை அவள் புருஷன் சுடலை கூடையில் சுமந்துபோய் அரண்மனைச் சமையல்கட்டில் கொடுப்பான்.

சுடலை நல்லவன்தான். என்ன, வாயைத் திறந்தால் பொய். கோயிலுக்குப் போகிறேன் என்பான், சேவற்சண்டைக் களத்தில் நிற்பான். சந்தைக்கு என்பான், சேவற்சண்டைக் களத்தில் நிற்பான். வயிற்றுவலி, வைத்தியரைப் பார்க்கப் போகிறேன் என்பான், அன்றைக்கும் அதே களம்தான்.

ஒருநாள் அரண்மனைக்குக் கரிக்கண்டன் என்ற மந்திரவாதி விருந்துக்கு வந்தான். இடுப்பு வரை தாடி, கையில் மந்திரக்கோல், முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. அந்த நேரம் பார்த்து மீன்கூடையோடு உள்ளே வந்த சுடலை, பளபளவென்று தேய்த்துவைத்த பெரிய பித்தளைக் கரண்டியைப் பார்த்தான். அதன் குழிக்குள் மந்திரவாதி தலைகீழாகத் தொங்கினான், தாடி மேலே, தலைப்பாகை கீழே. குழிந்த கரண்டி யாரையும் அப்படித்தான் காட்டும், நீங்களும் நானும் ராஜாவும் அதற்கு ஒன்றுதான். ஆனால் சுடலைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

மந்திரவாதி கோலை நீட்டினான். சுடலை கெண்டைமீனாகி அரண்மனைக் குளத்தில் விழுந்தான்.

செய்தி கேட்டு முத்திருளாயி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். ராஜா மகிழவர்மர் இளகிய மனசுக்காரர், மந்திரவாதியிடம் கெஞ்சினார். கரிக்கண்டன் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு பந்தயம் வைத்தான். நுனியில் துணி சுற்றிய மூங்கில் கம்பு ஒன்று. கரையில் நின்று அதை எறிய வேண்டும். மீன் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும்.

"மூன்றே எறிதான், யார் வேண்டுமானாலும் எறியலாம். ஒன்று பட்டால் அவன் மனிதன், என் கோல் முறிந்துபோகும். மூன்றும் தப்பினால் மதியம் எனக்கு மீன்குழம்பு," என்றான்.

முதலில் தளபதி மலைபெயர்த்தான் வந்தார். மீசையை முறுக்கினார், மீனைப் பார்த்தார், நேராக எறிந்தார். கம்பு மீனின் முதுகுக்கு மேலே போய்க் குளத்தின் சேற்றில் குத்தி நின்றது. பார்த்தால் தண்ணீர்மட்டத்தில் கம்பு முறிந்து கிடந்தது. தளபதி இறங்கிப் பிடுங்கினார். முழுசாக இருந்தது. திரும்ப முக்கினார். முறிந்திருந்தது. எடுத்தார், முழுசு. முக்கினார், முறிவு. சமையல்காரர் வந்து கையைப் பிடிக்கும்வரை அவர் நிறுத்தவில்லை.

அடுத்து அமைச்சர். தளபதிக்குக் கை நடுங்கிவிட்டது என்றார். நூல் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, மீனையே குறிபார்த்து எறிந்தார். கம்பு மறுபடியும் முதுகுக்கு மேலேயே போயிற்று. சமையல்கட்டில் புளியைக் கரைத்துவைக்கும்படி மந்திரவாதி ஆள் அனுப்பினான்.

மூன்றாவது கம்பை முத்திருளாயி வாங்கிக்கொண்டாள். பொய்க்காரன்தான், ஆனாலும் அவன் இல்லாத வீட்டில் அவளுக்குச் சோறு இறங்குமா? ஏரியில் குறி தப்பினால் ஒரு மீன் போகும். இங்கே தப்பினால் புருஷன் போய்விடுவான். கண்ணைத் துடைத்தாள். மீன் தெரிந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மீனை விட்டுவிட்டு, அதற்கு ஒரு சாண் கீழே, வெறும் தண்ணீரைக் குறிபார்த்தாள்.

ஐயோ, தப்பாகக் குறிபார்க்கிறாளே என்று ராஜா கண்ணைப் பொத்திக்கொண்டார்.

கம்பு போயிற்று. துணிநுனி கெண்டையின் மூக்கைத் தொட்டது. குளம் கொதித்துப் பொங்க, தலையில் பாசியோடு சுடலை எழுந்து நின்றான்.

மந்திரம் நழுவுவதைக் கண்ட கரிக்கண்டன் அவனை மறுபடி மீனாக்க அவசரமாகக் கோலைத் தண்ணீரில் முக்கினான். கோல் முறிந்து தெரிந்தது. அவன் அலறினான். தளபதி அன்போடு அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதீங்க, எனக்கும் இப்படித்தான் ஆச்சு. வெளியே எடுங்க, சரியாயிடும்."

எடுத்தான். கையில் பாதிக்கோல்தான் வந்தது.

மீனைப் பார்த்து எறியாமல் எப்படிப் பட்டது என்று ராஜா கேட்டார்.

"மகாராசா, மீன்கிட்ட இருந்து வார வெளிச்சம் தண்ணிய விட்டு வெளிய வரும்போது வளைஞ்சுதான் வரும். அதனால மீன மேல தூக்கிக் காட்டும். தண்ணி பொய்தான் சொல்லுது, ஆனா எப்பவும் ஒரே பொய்யத்தான் சொல்லும். அது தெரிஞ்சா குறி தப்பாது."

இவ்வளவு நுட்பத்தை யாரிடம் படித்தாய் என்றார் ராஜா. அவள் ஈரம் சொட்ட நின்ற சுடலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"கல்யாணமாகிப் பதினோரு வருசம் ஆச்சு, மகாராசா. இந்த மனுசன் இருக்கேன்னு சொன்ன இடத்துல என்னைக்கு இருந்திருக்காரு?"

ராஜா அவளுக்கு அந்தக் குளத்தையே எழுதிக்கொடுத்தார். கோல் போன கரிக்கண்டனுக்குச் சமையல்கட்டில் கரண்டி தேய்க்கும் வேலை கிடைத்தது. தினமும் தன் முகத்தைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்து, எட்டாம் நாள் அவனே சிரித்துவிட்டானாம்.

சுடலை மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, உயிர் பிழைத்ததற்குச் சாமிக்கு நன்றி சொல்லக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். முத்திருளாயி சரி என்றாள். மதியம் சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு நேரே சேவற்சண்டைக் களத்துக்கு நடந்தாள். சோறு ஆறவில்லை. குறியும் தப்பவில்லை.